கிளிப்பிள்ளைப் பேச்சில் என்ன இருக்கிறது?

ஒரு சிறுவனிடம் "உனக்குப் பால் வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். அவன் "வேண்டும்" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. "உனக்குப் பால் வேண்டுமா?" என்று, நீங்கள் கேட்ட அதே ராகத்தில் திருப்பிச் சொல்கிறான். கேலி செய்கிறான் என்று நினைப்பீர்கள். ஆனால் அவன் உண்மையிலேயே பாலைத்தான் கேட்கிறான்!

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இத்தகைய எதிரொலிப் பேச்சைக் காணலாம். ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். இது தொற்றுநோய் அன்று. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் வருவதும் அன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த ஒரு வேறுபாடு. இவர்களுள் சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலருக்குச் சில சொற்களே வரும். சிலர் வாய்திறந்து பேசுவதே இல்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய டாக்டர் லியோ கானர், 1943-இல் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பேர் பேசினர், மூவர் பேசவில்லை. பேசியவர்கள் 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்வதை அவர் கவனித்தார்.

இதில் வியப்பு என்ன? 'பால்' என்பது யார் சொன்னாலும் பால்தான். 'நான்' அப்படியா? நீங்கள் சொன்னால் உங்களைக் குறிக்கும். உங்கள் நண்பர் சொன்னால் அவரைக் குறிக்கும். வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுதாக நினைவில் வைக்கும் குழந்தைக்கு, "உனக்குப் பால் வேண்டுமா?" என்பது மூன்று சொற்கள் அல்ல. பால் வருமுன் கேட்கும் ஓர் ஒலித்தொடர். அதைச் சொன்னால் பால் வரவேண்டும் அல்லவா?

கானர் 1946-இல் எழுதிய மற்றொரு கட்டுரை இன்னும் சுவையானது. ஒரு சிறுவன் எதையாவது வீசி எறியக் கை ஓங்கும்போதெல்லாம், "பால்கனியிலிருந்து நாயை எறியாதே" என்பானாம். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியில் அவன் தன் பொம்மை நாயைப் பால்கனியிலிருந்து எறிந்துகொண்டிருந்தான். அப்போது அவன் தாய் சொன்ன வாக்கியம் அது. பிறகு கை துறுதுறுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித் தன்னைத்தானே அடக்கிக்கொண்டான். கேட்பவருக்கு உளறல், அவனுக்கோ பொருள் நிறைந்த பேச்சு.

ஆயினும் இத்தகைய பேச்சைத் தடுத்து நிறுத்துவதே பயிற்சி என்று 1960-களிலும் 70-களிலும் பலர் கருதினர். 1981-இல் பாரி பிரைசன்ட், ஜூடித் டூகன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் நான்கு குழந்தைகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிரொலிகளை வீடியோவில் பதிவு செய்து, ஒவ்வொன்றும் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று ஆராய்ந்தனர். உரையாடலில் தன் முறையை நிறைவேற்ற, 'ஆம்' என்று ஒப்புக்கொள்ள, ஒன்றைக் கேட்டுப் பெற என ஏழு விதப் பயன்களை அவர்கள் கண்டனர். இவ்வளவு வேலை செய்யும் பேச்சை அதட்டி நிறுத்தினால் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன? மௌனந்தான்.

ஆகவே இன்று பேச்சுப் பயிற்சியாளர்கள் வேறு வழியில் செல்கிறார்கள். பால் கேட்கும் குழந்தையிடம், அவன் வாயிலிருந்து வரவேண்டிய வடிவிலேயே "எனக்குப் பால் வேணும்" என்று சொல்லிக் காட்டிப் பாலைக் கொடுக்கிறார்கள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாடப்புத்தகத்துக்கு இழுப்பதில்லை. தாமும் அண்ணாந்து பார்த்து "விசிறி சுத்துது" என்கிறார்கள். சாதாரணமாக ஒரு வயதுக்குள் குழந்தை, தாய் பார்க்கும் திசையில் தானும் பார்க்கத் தொடங்கும். இருவர் கவனமும் ஒரே பொருளில் குவியும்போதுதான் சொல் பொருளோடு ஒட்டுகிறது. ஆட்டிசத்தில் தாமதமாவது இந்தக் கூட்டுக் கவனமே. கோனி கசாரி என்பவர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டுக் கவனத்திலோ பாவனை விளையாட்டிலோ பயிற்சி பெற்ற 3, 4 வயதுக் குழந்தைகள், ஓராண்டுக்குப் பின் பேச்சில் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தனர்.

பேச்சே வராதவர்களுக்கு? 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் படப் பரிமாற்ற முறை ஒன்றை உருவாக்கினர். பிஸ்கட் வேண்டுமென்றால் பிஸ்கட் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். உடனே பிஸ்கட் கிடைக்கும். தொடக்கத்தில் குழந்தையின் பின்னால் இன்னொருவர் அமர்ந்து, அதன் கையைப் பிடித்து உதவுவார். "என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் கேட்பது என்ற பழக்கம் வந்துவிடக் கூடாது அல்லவா? சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்ற செயலியில், படத்தைத் தொட்டால் கருவியே குரல் கொடுக்கிறது.

"படத்தைக் காட்டியே பழகிவிட்டால் பிள்ளை பேசவே மாட்டானே!" என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. இந்த அச்சத்தால் மதிப்புள்ள ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2006-இல் தொகுத்து ஆராய்ந்தபோது, நம்பத்தக்க முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. நூற்றுக்கு 89 பங்கினருக்குக் கூடியிருந்தது. பெரும்பாலோர்க்குச் சிறிய அளவில்தான். இருந்தாலும் அச்சத்துக்கு இடமில்லை.

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருந்தால், சிறு வாக்கியமாகக் கேளுங்கள். கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வரவில்லையே என்று கேள்வியை மாற்றிக் கேட்டால், பாதி வழி வந்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திரும்பி வருவது உங்கள் கேள்வியே ஆனாலும், அவர் கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.