வீட்டில் கட்டிய காரும் கிளட்சில் புகுந்த காற்றும்

ஹைட்ராலிக் கிளட்சில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே கேபிள் கிடையாது. ஒரு மெல்லிய குழாயும் அது நிறைய பிரேக் ஆயிலும்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ள, அது நெம்புகோலை அசைத்து கிளட்சை விலக்குகிறது. ஆயில் அமுங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. காற்றோ அமுங்கும். உள்ளே காற்று இருந்தால், மிதிப்பதில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போய்விடும்.

எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.9 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 25 மி.மீ. என்றால், ஒரு மிதிக்கு நகரும் ஆயில் சுமார் 5 மி.லி. மட்டுமே. 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்லேவ் சிலிண்டரில் அது 13 மி.மீ. நகர்வாக மாறும். குழாயில் 1 மி.லி. காற்று தங்கியிருந்தால் அந்த 13 மி.மீ. ஏறத்தாழ 10.5 ஆகக் குறைந்துவிடும். கிளட்ச் முழுதாக விலக 11 மி.மீ. தேவைப்படும் காரில், ரிவர்ஸ் கியர் போடும்போது பல்சக்கரங்கள் கறகறவென்று உரசும். ஒரு சிட்டிகைக் காற்று செய்யும் வேலை இது.

வீட்டில் கார் கட்டும் பழக்கம் பிரிட்டனில் ஆழமாக வேரூன்றியது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டிக்கொள்ளும் காராகவும் விற்கப்பட்டது. அப்படி வாங்கினால் முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி இல்லை. 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய கையேடு, அதே வடிவத்தில் சொற்பச் செலவில் கார் கட்ட வழிகாட்டியது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட், பிற்காலத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களைப் பிரித்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் புதிய சட்டத்தில் பொருத்துவது அங்கே வழக்கம்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். தொழிற்சாலைக் காரில் ஆயில் குழாயின் பாதை வரைபடத்திலேயே முடிவாகிவிடும். வீட்டுக் காரில் கால் வைக்கும் இடம் குறுகல். ஸ்டியரிங் தண்டு ஒரு பக்கம், சூடான எக்ஸாஸ்ட் மறுபக்கம். அவற்றைச் சுற்றிக் குழாயை வளைக்கும்போது நடுவில் எங்காவது ஒரு மேடு விழுந்துவிடுகிறது. காற்று எப்போதும் மேட்டில் போய்த் தங்கும். பெடல் தள்ளும் கொஞ்சம் ஆயிலால் அதை மேட்டைத் தாண்டிக் கீழே இறக்க முடியாது. ஆகவே ஆயில் டப்பாவிலிருந்து ஸ்லேவ் சிலிண்டர் வரை குழாய் மேடில்லாமல் இறங்கியபடியே வரவேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் நிப்பிள் அதன் உச்சியில் இருக்கவேண்டும். கிளட்சில் ஏர் எடுப்பது பாதிக்கு மேல் குழாயை வளைக்கும்போதே முடிந்துவிடுகிற வேலை.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சிறு துளை திறக்கும். தள்ளுதண்டை நீளமாக வைத்துவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். எத்தனை முறை மிதித்தாலும் பயனில்லை. தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம்.

இவை சரியானபின் வேலை எளிது, ஆனால் ஆள் இருவர் வேண்டும். நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தவேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். குமிழிகளோடு ஆயில் வரும். நிப்பிளை மூடியபின்தான் பெடலை விடவேண்டும். வரிசை மாறினால் வெளியேறிய காற்று உள்ளே திரும்பிவிடும். டப்பாவில் ஆயில் வற்ற விட்டாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இதற்கும் அசையாத குமிழிக்குக் கீழிருந்து மேலே தள்ளும் முறையே நல்லது. பெரிய சிரிஞ்சில் புதிய ஆயில் நிரப்பி, நிப்பிள் வழியாக மெல்ல அழுத்தினால், காற்று தன் இயல்புப்படியே ஏறி டப்பாவில் வந்து வெடிக்கும். டப்பா நிரம்பி வழியாதபடி முதலில் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிடவேண்டும். வெளியில் பொருத்திய ஸ்லேவ் சிலிண்டர் என்றால் அதைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்து, பிஸ்டனை உள்ளே அழுத்தியும் காற்றை விரட்டலாம். அந்த நிலையில் பெடலைத் தொட்டால் பிஸ்டன் வெளியே பிதுங்கிவிடும். கியர்பாக்ஸ் தண்டைச் சுற்றி பெல் ஹவுசிங்குக்குள் அமரும் வகை ஸ்லேவ் சிலிண்டருக்கு இந்த வழி இல்லை. அதிலிருந்து ஏர் எடுப்பதற்கென்றே இரண்டாவது குழாயை வெளியே கொண்டுவந்தாகவேண்டும். அதற்குப் பெடல் தடுப்பும் கட்டாயம். அளவுக்கு மீறித் தள்ளினால் சீல் பிதுங்கும், மாற்ற கியர்பாக்ஸையே இறக்கவேண்டும்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் கூடாது. டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டிய கொதிநிலை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155 டிகிரி வரை இறங்கலாம். எக்ஸாஸ்டை ஒட்டிய குழாயில் அது கொதித்தால் ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். டாட் 5 என்பது சிலிகான் வகை. டாட் 4-உடன் கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் சீல் ஊதிவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும் என்பதால், சிந்தியவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

கிளட்ச் பெடலின் கனம் பெரும்பாலும் கிளட்ச் ஸ்பிரிங்கிலிருந்து வருவது. காலால் மட்டும் காற்று இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியில் தெரியும் ஸ்லேவ் சிலிண்டரில், ஒருவர் மிதிக்க மற்றவர் தள்ளுதண்டு நகர்வதை அளவுகோலால் பார்க்கலாம். ஒரே மிதியில் கணக்கிட்ட தூரம் வந்தால் காற்று போய்விட்டது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால்தான் வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது.