பெற்றோர் முறையீடும் பள்ளியின் கடமையும்

தம் மக்கள் பள்ளியில் யாது கற்கின்றனர் என வினவும் பெற்றோரை இடையூறு செய்வோராகக் கருதுதல் பெரும் பிழையாம். வினவும் உரிமை அவர்க்கு உண்டு. எனினும், சிலரது முறையீட்டால் அனைவரது கல்வியும் மாறிவிடலாகாது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் இசைவிப்பது யாங்ஙனம்? இதனை விளக்க ஒரு வழக்கை எடுத்துரைப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாகாணத்து ஐலண்ட் ட்ரீஸ் என்னுமிடத்துக் கல்விச் சபை அங்கத்தினர் மூவர், 1975-ஆம் ஆண்டில் பெற்றோர் சங்கமொன்றின் மகாநாட்டிற்குச் சென்று, தகாதன எனப்பட்ட நூல்களின் ஜாபிதா ஒன்றைப் பெற்று வந்தனர். மறு ஆண்டில் அவற்றுள் தம் பள்ளிகளில் இருந்தவற்றை அகற்றுமாறு சபை கட்டளையிட்டது. பள்ளிகளின் மேலதிகாரியோ, இத்தகைய ஆக்ஷேபங்களை ஆராய்தற்கென்றே முன்னரே ஒரு விதி உளதென்றும், அதன்படி நடத்தலே தக்கதென்றும் கூறினார். அச்சொல் ஏறவில்லை. பின்னர்ப் பெற்றோர் நால்வரும் பள்ளியினர் நால்வருமாக ஒரு குழு நியமிக்கப்பெற்றது. அக்குழுவினர், பதினொரு நூல்களுள் ஐந்தை வைத்துக்கொள்ளலாம் என்றும், இரண்டை நீக்கலாம் என்றும் கருதினர். ஏனையவற்றுள் சிலவற்றில் ஒருமித்த முடிவு இல்லை. சபையோ, காரணம் யாதும் கூறாது அம்முடிவைப் பெரும்பாலும் தள்ளி, ஒன்பது நூல்களை விலக்கியது. ரிச்சர்ட் ரைட் தம் இளமையை வரைந்த 'பிளாக் பாய்' என்னும் நூல் பெற்றோர் அனுமதியின்மேல் மட்டுமே கிடைப்பதாயிற்று.

1977-இல் மாணவர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1982-இல் உச்ச நீதிமன்றத்தார் ஐவர் ஒருபாலும் நால்வர் ஒருபாலுமாகப் பிரிந்து, மாணவர் வழக்கைத் தள்ளிவிடலாகாது என்றனர். பாடத்திட்டம் அங்கே ஆராயப்படவில்லை. புஸ்தகசாலை நூல்களே ஆராயப்பட்டன. ஒரு நூலின் கருத்துத் தமக்கு ஒவ்வாமை பற்றி மட்டும் அதனை அகற்றலாகாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். நடுநிலை வாய்ந்த முறைப்படி சபை நடந்திருப்பின் வழக்கே வேறாயிருக்கும் என்றும் குறித்தார். அவ்வாண்டே சபை நூல்களை மீண்டும் வைக்க இசைந்தது.

இதனின்று நாம் அறிவது யாது? பெற்றோர் முறையிட்டது குற்றமன்று. முறையைக் கடந்ததே குற்றம். ஆதலின் உபாத்தியாயர் முதலில் பொறுமையோடு செவிசாய்த்தல் வேண்டும். எந்நூல், எப்பகுதி, அதனால் விளையும் தீங்கு யாது என எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். முழுநூலையும் படித்தோர் அதனை ஆராய்தல் வேண்டும். அதுவரை நூல் தன் இடத்திலேயே இருத்தல் நன்று. தம் பிள்ளைக்கு மட்டும் வேறு பாடம் வேண்டுவோர்க்கு இயன்றவரை இணங்கலாம். முடிவு எதுவாயினும் காரணத்தோடு தெரிவித்தல் வேண்டும்.

நம் மாணவருள் பலர் நாளை உபாத்தியாயராவர், பலர் பெற்றோராவர். இருதிறத்தார்க்கும் நடுவே நிற்பது ஒரு குழந்தை என்பதை இருவரும் மறவாதிருப்பாராக.