அடிக்குறிப்பில் ஒதுங்கிய கணிதம்

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பற்றி 1820களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் எழுதிய கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. மேலே தந்திருக்கும் நிரூபணம் சோஃபி ஜெர்மேனுடையது என்பது அதன் சாரம். எண் கோட்பாட்டில் அந்தப் பெண்மணிக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்த இடம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சோஃபி 1776இல் பாரிசில் பட்டு வணிகர் ஒருவருக்குப் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது வயது பதின்மூன்று. வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் அப்பாவின் நூலகமே கதி. ஆர்க்கிமிடீஸ் கணக்கில் மூழ்கியிருந்தபோதே கொல்லப்பட்டார் என்று படித்ததும் கணிதப் பைத்தியம் பிடித்தது. இரவில் படிக்கக் கூடாதென்று பெற்றோர் மெழுகுவத்திகளை எடுத்துவிட, ஒளித்து வைத்தவற்றை ஏற்றிப் படித்தாராம். இதை நமக்குச் சொன்னவர் அவருடைய நண்பர் லிப்ரி. கணித அறிஞர்தான், கூடவே பிரெஞ்சு நூலகங்களின் அரிய நூல்களைச் சுருட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டவரும்கூட.

1794இல் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் என்ற உயர்கல்விக்கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. பாடக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்து, லெப்லான் என்ற மாணவரின் பெயரில் அங்கிருந்த கணிதப் பேராசிரியர் லாக்ராஞ்சுக்கு எழுதி அனுப்பினார். அதே பெயரில் 1804 முதல் ஜெர்மனியிலிருந்த கணித அறிஞர் காஸுக்கும் கடிதங்கள். 1806இல் நெப்போலியன் படை பிரன்ஸ்விக்கைப் பிடித்தபோது, காஸுக்கு ஆபத்து வரக் கூடாதென்று குடும்ப நண்பரான தளபதியிடம் சோஃபி வேண்டிக்கொண்டார். அதனால்தான் குட்டு வெளிப்பட்டது.

ஆண் பெயரில் எழுதிய பெண் என்ற இந்தக் கதையோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய கணிதத்தை அது மறைத்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

xⁿ + yⁿ = zⁿ என்ற சமன்பாட்டுக்கு n இரண்டைவிடப் பெரிதானால் பூச்சியமற்ற முழு எண்களில் தீர்வு கிடையாது என்றார் ஃபெர்மா. நான்காம் அடுக்குக்கு ஃபெர்மா, மூன்றாம் அடுக்குக்கு ஆய்லர் என்று ஒவ்வொன்றாகத்தான் வேலை நகர்ந்தது. சோஃபி கணக்கற்ற அடுக்குகளை ஒரே வீச்சில் மடக்கப் பார்த்தார். p என்ற ஒற்றைப்படைப் பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினாலும் பகா எண்ணே வருகிறது என்று வையுங்கள்: 5க்கு 11, 11க்கு 23. (7க்கு 15, அது தேறாது.) அப்படிப்பட்ட p அடுக்காக வரும் சமன்பாட்டுக்குத் தீர்வு ஏதும் இருந்தால், x, y, z மூன்றில் ஒன்றாவது p-ஆல் வகுபட்டே ஆக வேண்டும் என்று நிறுவினார். 5, 11 போன்றவற்றை இன்று சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் என்கிறோம். அவை முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்றும் நிரூபிக்கப்படவில்லை.

இன்னொரு பக்கம், அதிரும் தகடுகளின் மேல் தூவிய மணல் கோலமாக ஒதுங்குவதை ஜெர்மன் அறிஞர் கிளாட்னி பாரிசில் செய்து காட்ட, அதற்குக் கணித விளக்கம் தருவோருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. 1811இல் வந்த ஒரே விடை சோஃபியுடையது. அதில் பிழைகள் இருந்தன. சமன்பாட்டை லாக்ராஞ்ச் திருத்தினார். உயர் நுண்கணிதத்தை முறையாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் வளர்ந்தவரின் பிழைகள் அவை. மூன்றாம் முயற்சியில், 1816இல், பரிசு கிடைத்தது. வாங்க அவர் போகவில்லை.

1831இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பாரிசிலும், லிப்ரி வழியாகப் போய்ச் சேர்ந்த ஃபுளோரன்சிலும் இருக்கும் அவருடைய கையெழுத்துப் படிகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், அடிக்குறிப்பில் அடங்காத ஒரு பெருந்திட்டத்தைக் கண்டார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட பகா எண்களை முடிவில்லாமல் கண்டுபிடித்து, ஃபெர்மாவின் தேற்றத்தை முழுவதுமாக முடிப்பது அவர் எண்ணம். திட்டம் பலிக்கவில்லை. மூன்றாம் அடுக்குக்கே அத்தகைய பகா எண்கள் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும் என்று லெஜாந்தருக்கு எழுதிய கடிதமொன்றில் நிறுவியவரும் சோஃபியேதான்.