நல்ல பிரின்சிபாலை எந்த மதிப்பெண் காட்டும்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிளெய்ன்ஸ்பரோவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தைத்தான். வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டம் என்ற பெயருக்காகவே கையைக் கடிக்கும் வாடகைக்கும் சம்மதிப்பார்கள். பள்ளியின் ரேட்டிங், எஸ்.ஏ.டி. தேர்வுச் சராசரி, கல்லூரித் தரத்து ஏ.பி. வகுப்புகளின் பட்டியல் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். பிரின்சிபால் யார், எப்படி அந்தப் பொறுப்புக்கு வந்தார் என்று கேட்பவர்கள் அரிது.

அந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, சுமாரான பிரின்சிபாலின் இடத்துக்குத் திறமையான ஒருவர் வந்தால் மாணவர்கள் ஓராண்டில் கணக்கில் ஏறத்தாழ 3 மாதப் படிப்பைக் கூடுதலாகப் பெறுகிறார்கள். வாசிப்பிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு நல்ல ஆசிரியரால் தம் வகுப்பு உயரும்; நல்ல பிரின்சிபாலால் பள்ளி முழுவதும் உயரும்.

நியூ ஜெர்சியில் யாரும் திடீரென்று பிரின்சிபால் ஆகிவிட முடியாது. முதுகலைப் பட்டம், 5 ஆண்டு பள்ளி அனுபவம், 300 மணி நேரக் களப்பயிற்சி, உரிமத் தேர்வு எல்லாம் வேண்டும். இவற்றை முடித்தாலும் கையில் கிடைப்பது தகுதிச் சான்றிதழ் மட்டுமே. வேலையில் சேர்ந்த பிறகு அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரின் துணையோடு சுமார் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினால்தான் நிலையான உரிமம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு ஆண்டுகள்தான். முதல்முறை ஒரு ஆசிரியரிடம் அவருடைய குறையைச் சொல்ல வேண்டியிருக்கும் நாளில், கோபத்தோடு பெற்றோர் வந்து நிற்கும் நாளில், யோசனை கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

மதிப்பீடு வேறு கதை. கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி 2012 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்திட்ட டீச்என்ஜே சட்டம், ஆசிரியர்களையும் பிரின்சிபால்களையும் ஆண்டுதோறும் நான்கு தரங்களில் ஒன்றில் வைக்கச் சொன்னது. பணி நிரந்தரம் பெறும் காலத்தை 3 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீட்டி, அதையும் இந்தத் தரத்தோடு சேர்த்துக் கட்டியது. பிரின்சிபாலின் தரத்தில் அவருடைய தலைமைப் பணி மட்டுமல்ல, ஆசிரியர்கள் தம் வகுப்புக்கு வகுத்த இலக்குகளை எட்டிய அளவும் சேர்ந்தது. 4 முதல் 8 வரையிலான வகுப்புகள் உள்ள பள்ளி என்றால் மாநிலத் தேர்வில் பிள்ளைகள் காட்டிய வளர்ச்சியும் சேர்ந்தது. சென்ற ஆண்டுகளில் இதே மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதே அந்த வளர்ச்சிக் கணக்கு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பாருங்கள். பள்ளி விட்டதும் கணக்கு டியூஷன், சனிக்கிழமை போட்டித் தேர்வுப் பயிற்சி. இப்படிப் படிக்கும் பிள்ளையின் வளர்ச்சியில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பெற்றோர் செலவழித்த பணத்தின் பங்கு எவ்வளவு என்று எந்தச் சூத்திரம் பிரித்துச் சொல்லும்? அதே மாநிலத்தின் ட்ரென்டன் நகரப் பள்ளி ஒன்றில், இரண்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளையை முன்னேற்றுகிற பிரின்சிபாலுக்கு இந்தக் கணக்கு அநீதி செய்யக்கூடும். ஆசிரியர் மதிப்பீட்டில் 30 விழுக்காடு வரை போன தேர்வு வளர்ச்சியின் பங்கை அப்போதைய கவர்னர் மர்ஃபியின் அரசு 2018இல் 5 விழுக்காடாகக் குறைத்தது. சரியான முடிவு.

எண்களுக்குள் வராத இன்னொன்றும் உண்டு. 2015இல் இந்தப் பள்ளி மாவட்டத்தின் சூப்பரின்டென்டென்ட் டேவிட் ஆடர்ஹோல்ட் மாணவர்களின் மன அழுத்தம் குறித்துப் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலை மாணவர்களில் 120 பேருக்கு மனநலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது. 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்க உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவ, இறுதித் தேர்வுகள் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. தரம் குறைகிறது என்று ஆசியப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். நம்மவர்களும் அதில் இருந்தார்கள். எந்தத் தரவரிசையிலும் தலைகுனியாத மாவட்டம் இது. வளர்ச்சிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்த 40 பிள்ளைகள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் பொறுப்பு பெரும்பாலும் பணிமூப்பில் வருகிறது. துறைத் தேர்வு தேறி, பதவி உயர்வுப் பேனலில் பெயர் வந்து, கலந்தாய்வில் ஊர் கிடைத்தால் மறுநாளே ஹெச்.எம். அடுத்து எமிஸ் இணையதளப் பதிவு, காலை உணவு அல்லது சைக்கிள் விநியோகம், மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று நாள் ஓடிவிடும். வகுப்பின் பின்பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்கப் பொழுது எங்கே? நியூ ஜெர்சியில் நிரந்தர ஆசிரியரின் வகுப்பையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதையும் அந்த இரண்டாண்டு வழிகாட்டலையும்தான். ஓய்வுபெற்ற அருமையான தலைமை ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புதிய ஹெச்.எம். ஒவ்வொருவருக்கும் அவர்களில் ஒருவரைத் துணையாக்க ஓர் அரசாணை போதும்.

பிளெய்ன்ஸ்பரோ பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிரின்சிபால் நியமனத்துக்குக் கல்வி வாரியம் பொதுக்கூட்டத்தில்தான் வாக்களிக்கிறது. பொதுமக்கள் பேசவும் அங்கே நேரம் உண்டு. அடுத்த முறை மைக் முன்னால் நின்று, முந்தைய பள்ளியில் இவரிடம் வேலை பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர் நிலைத்தார்கள், மனம் சோர்ந்த பிள்ளைகளை இவர் எப்படிக் கவனித்தார் என்று கேளுங்கள்.