முந்நூற்று எழுபத்தொன்பதும் மூன்றும்

தோழர்களே! ஆயிரம் வீடுகள் கொண்ட ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி. பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் உங்களில் யார் என்று ஒவ்வொரு கதவையும் தட்டிக் கேட்கிறோம். 379 வீடுகளில் மனைவி, "நான்தான்" என்கிறாள். 3 வீடுகளில் மட்டும் கணவன், "நான்தான்" என்கிறான். முந்நூற்று எழுபத்தொன்பது எங்கே, மூன்று எங்கே! மலைக்கும் மடுவுக்கும்கூட இத்தனை தொலைவு இல்லையே!

இது மேடைக்காக நாம் கட்டிய கணக்கல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கு. 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், தாமே ஆபரேஷன் செய்துகொண்டவர் நூற்றுக்கு 37.9. கணவன் செய்துகொண்ட வீடுகள் நூற்றுக்கு 0.3. அதைத்தான் ஆயிரத்துக்குப் பெருக்கிச் சொன்னோம்.

இந்த ஆய்வு 1992-93இல் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துவது. ஐந்தாவது சுற்றில் 6,36,699 வீடுகளின் படி ஏறினார்கள். 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் பேசினார்கள். எத்தனை பெற்றாய், எத்தனை பிழைத்தது, எங்கே பிரசவம் என்று கேட்டார்கள். குழந்தையை எடை போட்டார்கள். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அடுப்படியில் அடைபட்டுக் கிடந்த சேதி அப்படித்தான் ஏட்டில் ஏறியது.

அந்த ஏட்டில் மகிழ வேண்டிய சேதியும் உண்டு, மறைக்க மாட்டோம். 1992-93இல் இந்தியப் பெண் ஒருத்தி சராசரியாகப் பெற்ற பிள்ளைகள் 3.4. ஐந்தாவது ஆய்வில் அது 2.0. அன்று பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் மாண்டவை ஏறத்தாழ 79, பின்னது 35. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெண் பள்ளிக்குப் போனாள், பிறப்பு குறைந்தது. பள்ளியே காணாத பெண்ணுக்குப் பிள்ளைகள் 2.8, பன்னிரண்டு வகுப்பும் அதற்கு மேலும் படித்தவளுக்கு 1.8. படிப்பின் பலன் இது!

ஆனால் இந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்? வெற்றி மாலை நாட்டுக்கு. வெட்டுத் தழும்பு பெண்ணுக்கு! அதே ஆய்வு சொல்கிறது: 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. இரத்தமில்லாத உடம்பிலே கத்தி. இரும்பு உடம்பு என்று மார்தட்டும் நமக்கோ விடுமுறை!

"அது வடநாட்டு நிலைமை" என்று தப்பிக்க எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில், அதே ஆய்வின்படி, ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 57.8. ஆண்களோ பெயரளவுக்கே. பிள்ளைப்பேற்றைக் குறைப்பதில் முன் நிற்கும் மாநிலம், ஆணின் பங்கில் பின் நிற்கிறது.

என்றும் இப்படித்தானா? இல்லை! 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் நடந்த கருத்தடை ஆபரேஷன்களில் பெரும்பகுதி ஆண்களுக்கே நடந்தது. பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77இல் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் மேசையில் கிடத்தப்பட்டார்கள். விரும்பி வந்தவர் சிலர்; மிரட்டிக் கொண்டுவரப்பட்டவர் பலர். 1977இல் ஆட்சி கவிழ்ந்தது. ஆணின் அச்சம் மட்டும் கவிழவில்லை. ஓட்டுப் போடும் ஆணைத் தொட அஞ்சிய அரசுகள், வாய் பேசாத பெண்ணின் பக்கம் திரும்பின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் பிணமானார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

மூட்டை தூக்கும் தோழர் கேட்பார்: "ஆபரேஷன் செய்தால் பாரம் தூக்க முடியுமா? ஆண்மை போய்விடாதா?" கேட்பதில் தவறில்லை, விடை கேட்காமல் ஓடுவதுதான் தவறு. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கோ தழும்பில்லா வாசக்டமி. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். சில நாள் ஓய்வெடுத்துவிட்டுப் பாரம் தூக்கலாம். விந்துக் குழாயைத்தான் அடைக்கிறார்கள். ஆண்மையையும் ஆசையையும் அல்ல. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மூன்று மாதம் வரை வேறு தடுப்பு வேண்டும், பிறகு சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

கருத்தடை பெண்ணின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஐந்தாவது ஆய்விலே ஒப்புக்கொண்ட ஆண்கள் நூற்றுக்கு 35. மூவரில் ஒருவர்! இதைப் படிக்கும் நம்மிலும் அவர் இருக்கலாம். "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் பெரியார் கர்ப்பத்தடைக்காக வாதாடியது, முதன்மையாக நாட்டின் வறுமையைக் காட்டி அல்ல, பெண்ணின் விடுதலையைக் காட்டி! அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மனைவியை மட்டும் ஆபரேஷன் மேசைக்கு அனுப்புவது எந்தக் கொள்கை?

யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கட்டாயம் என்ன செய்யும் என்பதை 1976 காட்டிவிட்டது. நாம் கேட்பது ஒன்றே. பிள்ளை போதும் என்று இருவரும் முடிவெடுக்கும் இரவில், "நீ போய் வா" என்று சொல்லுமுன், "நான் போகட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள். ஆலையிலே சுமையைப் பகிரச் சங்கம் வைத்த தோழர்களே, வீட்டுச் சுமைக்கும் தோள் கொடுங்கள்! அடுத்த முறை ஆய்வாளர் கதவைத் தட்டும்போது, அந்த மூன்று முப்பதாகட்டும், முந்நூறாகட்டும்!