தாலுகா பழநி, தொகுதி ஒட்டன்சத்திரம்: கீரனூர் வாக்காளர் கவனத்துக்கு

பட்டா மாறுதலுக்குப் பழநி தாலுகா ஆபீசுக்கு நடந்து பழகிய கீரனூர்க்காரர், தெருவுக்குச் சாக்கடை கேட்கும் மனுவையும் பழநி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டுவார். ஊர்ப் பெயரைப் பார்த்ததும், "இது எங்க தொகுதி இல்லீங்களே, ஒட்டன்சத்திரத்துல குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

வருவாய்க் கணக்கில் கீரனூர் பேரூராட்சி பழநி வட்டத்தைச் சேர்ந்தது. சட்டமன்றத்துக்கு ஒட்டன்சத்திரம் தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் திண்டுக்கல். வட்டத்தின் எல்லையும் தொகுதியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள தொகுதிக் கோடுகள் 2008 மறுவரையறை உத்தரவில் போடப்பட்டவை. 2009 மக்களவைத் தேர்தலிலும் 2011 சட்டமன்றத் தேர்தலிலும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. பழநி என்ற மக்களவைத் தொகுதியே அப்போதுதான் இல்லாமல் போனது. திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் இன்று கரூர் எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறது.

ஒட்டன்சத்திரத்தில் 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு பொதுத்தேர்தல்களிலும் ஜெயித்தவர் அர. சக்கரபாணி. கால் நூற்றாண்டு ஒரே பெயரைக் கேட்டுப் பழகியவர்கள், எம்.எல்.ஏ.விடம் கேட்பதை ஒரு மனிதரின் தயவாகவே நினைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, பேரவையில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நிதியில் உங்கள் ஊருக்கு என்ன வேலை நடந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு எங்கே கொடுத்தாலும் நகல் ஒன்றைப் பேரூராட்சி செயல் அலுவலரிடமும், இன்னொன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, மனு எண் வாங்கி வையுங்கள். எண் இல்லாத மனுவைப் பிறகு யாரிடம் போய்த் தேடுவது?

பலருக்குத் தெரியாத வாசல் ஒன்று உண்டு: சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. இந்தக் குழு மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதற்கு முன், கலெக்டர் மூலம் மனுக்கள் கோரி அறிவிப்பு வெளியாகும். மனு தமிழில், ஐந்து பிரதிகளாக இருக்க வேண்டும் என்பது அறிவிப்பில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருந்தால் எடுப்பார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, அரசு வேலை, வங்கிக் கடன், கோர்ட்டில் நிற்கும் விவகாரம் என்றால் தள்ளிவிடுவார்கள். எம்.எல்.ஏ. உங்களுக்குப் பிடித்த கட்சியா இல்லையா என்ற சங்கடமே இந்த வழியில் கிடையாது.

இதெல்லாம் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பலம் பெறும். 2025 டிசம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். திருப்பூர் மில் வேலைக்குக் குடும்பத்தோடு போன கீரனூர்க்காரர்கள் இதை அசட்டையாக விடக் கூடாது. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றம், திருத்தத்துக்குப் படிவம் 8. வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடமும், அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற இலவச எண். இணையத்தில் தேடும்போது மாவட்டத்தைக் கவனியுங்கள். புதுக்கோட்டையிலும் ஒரு கீரனூர் உண்டு.

தேர்தல் முடிவிலேயே முறைகேடு என்றால், தொகுதி வாக்காளர் எவரும் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஆனால் வேகத்தை நம்பாதீர்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் 49 ஓட்டு வித்தியாசம்; மறு எண்ணிக்கை 2019-இல்தான் நடந்தது, அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, ஐந்தாண்டுப் பதவிக்காலமும் முடிந்துபோனது. ஜெயித்தவரைப் பாதியில் திரும்ப அழைக்கும் சட்டமும் நம்மிடம் இல்லை.

அடுத்த மறுவரையறை வரும்போது கீரனூர் எந்தத் தொகுதிக்குப் போகும் என்பது திறந்த கேள்வி. 2008-க்கு முன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை வாங்கி, பொதுக் கூட்டமும் நடத்தினார்கள். உத்தரவு அரசிதழில் வந்த பிறகு கோர்ட்டுக்குப் போய் அதை மாற்றுவது பெரும்பாடு. வரைவு வெளியாகும் நாளில் ஊர் பெயரைத் தேடிப் பாருங்கள். தாலுகா ஆபீசும் தொகுதியும் ஒரே திசையில் வேண்டும் என்றால், அதை எழுதிக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.