அல்லி ராணி கோட்டை

மன்னார் மாவட்டத்தின் அரிப்புக் கரையில் கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் ஒரு மாளிகையை அவ்வூரார் ‘அல்லி ராணி கோட்டை’ என்பர். உண்மையில் அது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்கவென 1801 முதல் 1804 வரை கட்டுவித்தது. கிரேக்கக் கோயில்களின் டொரிக் பாணித் தூண்கள் கொண்டதால் ஆங்கிலேயர் ‘டொரிக்’ என்றே அழைத்தனர்.

அதற்கு முந்திய தலைமுறை இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு ஒரு மோகம் இருந்தது. தம் தோட்டங்களில், பயனுக்கல்ல, பார்வைக்காகவே கிரேக்கக் கோயில்களைக் கட்டினர். ஏன், பாழடைந்தது போலவே புதிய மண்டபங்களையும் கட்டினர்! அவற்றுக்கு ‘ஃபோலி’, அதாவது மடமை, என்று பெயர். ஸ்டவர்ஹெட் தோட்டத்துக் கோயில்கள் பெயர்பெற்றவை. நோர்த்தின் மாளிகை தங்குவதற்கான வீடுதான். ஆயினும், மரைக்காயர்களும் பரதவரும் அரபிகளும் மூழ்கிச் சிப்பி அள்ளிய கரையில் கிரேக்கத் தூண்களை நிறுத்தியது அதே மோகம்.

பின் அல்லி எப்படி வந்தாள்? ‘அல்லி அரசாணி மாலை’ அவளை மதுரையில் இருத்துகிறது. மன்னார்க் கரையினரோ தெற்கேயுள்ள குதிரைமலையே அவள் அரசிருக்கை என்பர், முத்தும் அவளுடையதே. ஆகவே வெள்ளைக்கார ஆளுநரின் வீட்டை அவளுக்கே உறுதி எழுதிக் கொடுத்துவிட்டனர். இதை அறியாமை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

இங்கே பாழைச் செயற்கையாகக் கட்டத் தேவைப்படவில்லை. ஊர்ப் பெயருக்கேற்பக் கடல் கரையை அரிக்கிறது. சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன.